யூத மதமும் யூத அரசும்: யார் யூதர் என்பதை யார் முடிவு செய்வது?

வடகரையான் (இழையைத் தொடங்கியவர்):

தமிழில் இஸ்ரேல் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஒரு கூட்டம், “யூதரைப் பார், இரண்டாயிரம் வருஷம் நாடில்லாமல் இருந்தும் மதத்தை விடாமல் நாட்டை அடைந்தார்கள்” என்று மெய்சிலிர்க்கும். இன்னொரு கூட்டம், காஸாவில் குண்டு விழுந்தால் உலகத்து யூதர் அத்தனை பேரையும் வைது தீர்க்கும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: யூத மதம், யூத இனம், இஸ்ரேல் அரசு எல்லாம் ஒன்றே. வரலாறு அப்படி நடக்கவில்லை.

யூதருக்கென்று பாலஸ்தீனத்தில் ஒரு நாடு வேண்டும் என்பதுதான் சியோனிசம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய தியோடர் ஹெர்ஸல் முதல் சியோனிச மாநாட்டை ம்யூனிக்கில்தான் கூட்ட நினைத்தார். ஜெர்மனியின் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், சேர்ந்து எதிர்ப்பு அறிக்கை விட்டார்கள். ம்யூனிக் யூத சமூகமும் கையை விரித்துவிட்டது. 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய்த்தான் மாநாட்டை நடத்த முடிந்தது. எதிர்த்த ரபிகளில் சீர்திருத்தக்காரரும் உண்டு, பழைய ஆசாரத்தாரும் உண்டு. முன்னவர்களுக்கு, தாங்கள் ஜெர்மானியர் என்ற பெயரை இந்த ஆள் கெடுக்கிறாரே என்ற பயம். பின்னவர்களுக்கு, மெசியா வருமுன் மனிதன் தானாக அரசு கட்டுவது கடவுளின் வேலையில் கை வைப்பது. காரணம் எதிரெதிர், கையெழுத்து ஒரே தாளில்.

20 வருஷம் கழித்து லண்டனிலும் இதே கதை. 1917-ல், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைய பிரிட்டன் ஆதரவு சொன்ன பால்ஃபர் பிரகடனம் உருவானபோது அதை உள்ளேயிருந்து மூர்க்கமாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. பள்ளிப் பாடத்தில் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று படித்தோமே, அதே மாண்டேகு. இந்தியாவுக்கான அமைச்சர், அவரே யூதர். அந்த ஆகஸ்டில் அவர் அரசுக்கு எழுதிய குறிப்புக்கு வைத்த தலைப்பே, இந்த அரசு யூத வெறுப்பு கொண்டது என்று குற்றம் சாட்டியது. பாலஸ்தீனத்தை யூதரின் தேசிய இல்லம் என்று அறிவித்தால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை “உன் ஊருக்குப் போ” என்று விரட்டும், அங்கே இருக்கும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இடத்தைக் காலி செய்ய வேண்டிவரும் என்று அதில் எழுதினார். அவர் இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகு, நவம்பர் 2-ல் பிரகடனம் வந்தது.

என் கட்சி இதுதான். சியோனிசம் பெரும்பாலும் ரபிகளை மீறி எழுந்த இயக்கம். ஆனால் அந்த இயக்கம் அரசாக மாறி, “இந்தத் தேசத்தில் யார் உறுப்பினர்?” என்று பதிவேட்டில் எழுத வேண்டிய நாள் வந்தபோது, விடைக்கு அந்த ரபிகளிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. அந்தச் சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

நூல்வேட்டை:

நல்ல தொடக்கம். ஆனால் “ரபிகளை மீறி” என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டீர்கள். ஆசார யூதர் நாளுக்கு மூன்று வேளை எருசலேமைப் பார்த்துத் தொழுகிறவர். பாஸ்கா விருந்து “அடுத்த வருஷம் எருசலேமில்” என்ற வார்த்தையோடுதான் முடியும். சாப்பிட்ட பிறகு சொல்லும் நன்றி மந்திரத்தில்கூட அந்த நகரத்தை மறுபடி கட்டச் சொல்லும் வேண்டுதல் உண்டு. இந்த ஏக்கம் இல்லாமல் ஹெர்ஸலின் பேச்சை கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதர் காது கொடுத்தே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஏக்கம் வேறு, அரசுத் திட்டம் வேறு. யூத மதச் சட்ட நூலான தல்மூதில் கேத்துபோத் என்ற பகுதியில் மூன்று சத்தியங்கள் வரும். கூட்டமாகப் படை திரண்டு அந்த நிலத்துக்கு ஏறக் கூடாது. பிற இனத்தாருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யக் கூடாது. பிற இனத்தார் யூதரை அளவுக்கு மீறி ஒடுக்கக் கூடாது. முதல் இரண்டு யூதருக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. சட்மார் என்ற ஆசாரப் பிரிவின் ரபி யோவேல் டைட்டல்பாம் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு, இஸ்ரேல் அரசே பாவம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். எதிர்த் தரப்போ, மூன்றாவது சத்தியம் ஐரோப்பாவில் எப்படி மீறப்பட்டது என்று உலகமே பார்த்துவிட்டது, அதோடு மற்ற இரண்டும் போயிற்று என்கிறது. ஒரே பக்கத்தின் சில வரிகளில் நின்று இரண்டு முழு உலகங்கள் சண்டை போடுகின்றன.

அப்புறம் இன்னொன்று. 1902-ல் ரபி யிட்ஸ்ஹாக் யாகோவ் ரைனஸ் வில்னாவில் மிஸ்ராஹி என்ற மத சியோனிச அமைப்பைத் தொடங்கினார். மறுவருஷ மாநாட்டில், கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டன் தர முன்வந்த நிலத்தைப் பரிசீலிக்கலாமா என்று ஹெர்ஸல் கேட்டார். உகாண்டா திட்டம் என்பது அதுதான். மிஸ்ராஹிக்காரர்களில் பெரும்பாலோர் சரி என்று வாக்களித்தார்கள்! முகம் சிவந்து வெளிநடப்பு செய்தவர்கள் ரஷ்யாவின் மதச்சார்பற்ற சியோனிஸ்டுகள். ரைனஸுக்கு அரசு என்பது உயிர் பிழைக்க ஓர் ஏற்பாடு, மீட்பு கடவுளின் வேலை. நிலமே புனிதம் என்ற பிடிவாதம் அன்று தொழாதவர்களிடம்தான் அதிகம் இருந்தது. அரசே மீட்பின் தொடக்கம் என்ற இறையியல், ரபி ஆபிரகாம் ஐசக் கூக் வழியாக வந்து, 1967 போருக்குப் பிறகு அவர் மகன் ஸ்வி யெகுதாவின் மாணவர்கள் கையில், போரில் பிடித்த நிலத்தில் யூதரைக் குடியேற்றும் இயக்கமாக மாறியது. இந்த வரிசையைப் பிடிக்காமல் இன்றைய இஸ்ரேல் அரசியல் விளங்காது.

மதுரைமல்லி:

நான் இந்த விஷயத்துக்குப் புதிது, அடிப்படைக் கேள்வி ஒன்று. கிறிஸ்தவர் நாத்திகரானால் கிறிஸ்தவர் இல்லை என்றுதான் சொல்வோம். ஹெர்ஸலும், இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியனும் கடவுள் நம்பிக்கை, ஆசாரம் எதுவும் பெரிதாக இல்லாதவர்கள் என்று படித்திருக்கிறேன். பிறகு அவர்கள் எப்படி யூதர்? மதமா, சாதி மாதிரிப் பிறப்பா, இனமா?

வடகரையான்:

@மதுரைமல்லி, இந்த இழையின் நடுக்கேள்வியே அதுதான்.

பழைய விடை எளிது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர், முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதர். நம்பிக்கை போனாலும் யூதர்தான், பாவம் செய்த யூதர். ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டு வரை யூதர் தனிக் குழுமமாக வாழ்ந்தார்கள். வரி, வழக்கு, கல்யாணம், ஏழைகளுக்குப் படியளப்பது எல்லாம் குழுமத்துக்குள்ளேயே. ஆகவே மதமா தேசமா என்ற கேள்வி எழவே இல்லை.

அதை எழுப்பியது நவீன அரசு. 1789 டிசம்பரில் பிரெஞ்சு தேசிய சபையில் க்ளெர்மோன்-தொனேர் என்ற பிரபு யூதருக்குக் குடியுரிமை கேட்டுப் பேசினார். தனி தேசமாக அவர்களுக்கு எதுவும் கிடையாது, தனி மனிதர்களாக எல்லாமே உண்டு என்பது அவர் பேச்சின் சாரம். 1791-ல் குடியுரிமை வந்தது. 1806-ல் நெப்போலியன் யூதப் பிரமுகர்களைக் கூட்டி 12 கேள்விகள் நீட்டினார். பிரான்ஸ் உங்கள் நாடா, அதைக் காக்கக் கடமை உண்டா என்பது அதில் ஒன்று. “சாகும்வரை!” என்று அரங்கம் முழங்கியது. குடியுரிமை கிடைத்தது, அதற்கு விலை தாங்கள் ஒரு தேசம் என்ற எண்ணத்தைக் கைவிடுவது.

அந்த வழியின் உச்சம் அமெரிக்கா. 1885-ல் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிகள், நாங்கள் இனி ஒரு தேசம் இல்லை, ஒரு சமயக் கூட்டம் மட்டுமே, பாலஸ்தீனத்துக்குத் திரும்பும் எதிர்பார்ப்பு எங்களுக்கு இல்லை என்று எழுதியே வைத்தார்கள். ரஷ்யாவின் யூதத் தொழிலாளர் கட்சியான பண்ட் நேர்மாறு. கடவுள் வேண்டாம், தனி நாடும் வேண்டாம், நாங்கள் இருக்கும் இடத்திலேயே இத்திஷ் பேசும் ஒரு தேசம் என்றது. அதுவும் 1897-லேயே வில்னாவில் பிறந்தது. 1938-ல் வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகளில் மிகப் பெரும்பாலான இடங்களைப் பிடித்தது சியோனிஸ்டுகள் இல்லை, பண்ட்தான்.

ஆறு வருஷத்தில் அந்த வாக்காளர்களே உயிரோடு இல்லை. பண்டின் கொள்கை வாதத்தில் தோற்கவில்லை, அதை நம்பிய மக்கள் கொல்லப்பட்டார்கள். 60 லட்சம் பேர் அழிந்த பிறகு “ஐரோப்பாவிலேயே இருப்போம்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சியோனிசம் யூதரிடையே பெருவழக்கானதற்கு வேதத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரிசல்:

இவ்வளவு பழைய கதை எதற்கு? இஸ்ரேல் இன்று என்ன செய்கிறது என்று பேசுங்கள்.

வடகரையான்:

@கரிசல், இன்றைய சட்டங்கள் இந்தக் கதையிலிருந்துதான் முளைத்தன. ஒரு வழக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்வால்ட் ருஃபைசன் 1922-ல் போலந்தில் பிறந்த யூதர். சிறு வயதிலேயே சியோனிச இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தவர். போரின்போது தன் பிறப்பை மறைத்து, மீர் என்ற ஊரில் ஜெர்மானியரின் கீழிருந்த போலீசில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துகொண்டார். யூதக் குடியிருப்பை அழிக்கப்போகும் நாள் தெரிந்ததும் உள்ளே தகவல் அனுப்பினார். 1942 ஆகஸ்டில் சுமார் 300 பேர் காட்டுக்குத் தப்பினார்கள். இவர் மாட்டிக்கொண்டு, தப்பி, கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராக மாறினார். போருக்குப் பின் கார்மல் சபைத் துறவி ஆகி டேனியல் சகோதரர் என்ற பெயர் கொண்டார். 1959-ல் ஹைஃபா மடத்துக்கு வந்தார்.

வந்தவர், 1950-ன் திரும்புதல் சட்டத்தின்படி தனக்கு யூதர் என்ற உரிமையில் குடியுரிமை வேண்டும் என்றார். என் மதம் கத்தோலிக்கம், என் தேசம் யூதம், அவ்வளவுதான் அவர் வாதம். சியோனிசம் யூதர் ஒரு தேசம் என்றுதானே சொன்னது? அப்படியானால் மதம் மாறினால் தேசம் எப்படி மாறும்?

1962-ல் உச்ச நீதிமன்றம் ஐந்தில் நான்கு பேர் பெரும்பான்மையில் முடியாது என்றது. இதில் மண்டையைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. நீதிபதி சில்பெர்க், யூத மதச் சட்டப்படி பார்த்தால் இவர் யூதர்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்புதல் சட்டம் மதச் சட்டம் இல்லை, மதச்சார்பற்ற சட்டம். சாதாரண யூதர் யாரும் ஒரு பாதிரியாரை யூதர் என்று சொல்ல மாட்டார், ஆகவே இவர் யூதர் இல்லை என்றார். மதச் சட்டம் “உள்ளே வா” என்கிறது, மதச்சார்பற்ற தேசியம் மதத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துகிறது! மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி ஹாயிம் கோன். டேனியல் பிறகு சாதாரணக் குடியுரிமை பெற்று, ஹைஃபாவில் வாழ்ந்து 1998-ல் மறைந்தார். தன்னை யூதர் என்று சொல்வதைக் கடைசிவரை விடவில்லை.

அடுத்தது ஷாலித் வழக்கு. யூதக் கடற்படை அதிகாரி, யூதர் அல்லாத மனைவி, இருவருக்கும் மத நம்பிக்கை இல்லை. பிள்ளைகளுக்கு மதம் என்ற இடத்தில் எதுவும் வேண்டாம், தேசம் என்ற இடத்தில் யூதர் என்று எழுதுங்கள் என்றார். 1970 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். மத அமைச்சர்களை நம்பி ஓடிய ஆட்சி, மார்ச்சிலேயே சட்டத்தைத் திருத்தியது: யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறி வந்தவர், வேறு மதத்தைச் சேராதவர். முதல் பாதி ரபிகளின் வரையறை, கடைசிப் பகுதி டேனியல் வழக்கின் எச்சம். அதே திருத்தத்தில் யூதரின் பேரன் பேத்திவரை, அவர்களின் துணைவரோடு குடியேறலாம் என்றும் கதவைத் திறந்தார்கள். விளைவு, சோவியத் சரிந்தபின் வந்த சுமார் 10 லட்சம் பேரில் சில லட்சம் பேர் குடியேற்றச் சட்டப்படி உள்ளே வந்தவர்கள், ரபி நீதிமன்றக் கணக்கில் யூதர் இல்லை. ராணுவத்தில் சேரலாம், சாகலாம். உள்நாட்டில் யூதர் ஒருவரைக் கல்யாணம் செய்ய முடியாது.

மட்டாஞ்சேரி:

ரபி அலுவலகத்தின் இந்தக் கெடுபிடியை நம் நாட்டிலிருந்து போனவர்களும் அனுபவித்திருக்கிறார்கள். பம்பாய், கொங்கண் பக்கத்து பெனே இஸ்ரேல் மக்கள் 1950-களில் கிளம்பிப் போனார்கள். அங்கே தலைமை ரபி அலுவலகம், இவர்களைக் கல்யாணம் செய்ய வருகிறவர்கள் பாட்டி, பூட்டிவரை வம்சம் விசாரித்துத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. நூற்றாண்டுக் கணக்கில் சனிக்கிழமை எண்ணெய்ச் செக்கு ஓட்டாதவர்கள் என்பதாலேயே ‘சனிவார் தேலி’ என்று ஊரார் அழைத்த மக்கள் இவர்கள். யூதர் என்பதற்காக இங்கே யாரும் அவர்களைத் துன்புறுத்தவில்லை. யூத அரசில்தான் யூதரா என்ற கேள்வி வந்தது. எருசலேமில் போராட்டம் நடத்தினார்கள். 1964-ல் நாடாளுமன்றம் கூடி, இவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று தீர்மானம் போட்ட பிறகே ரபி அலுவலகம் இறங்கி வந்தது.

கொச்சி யூதர் பலர் 1954 வாக்கில் போய் நெகேவ் பாலைவனத்தில் நெவதிம் என்ற விவசாய ஊரில் குடியேறினார்கள். மிளகு வாசனையிலிருந்து மணல் காற்றுக்கு. இங்கே மட்டும் எல்லாம் சமமாக இருந்ததா என்றால் இல்லை. 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு இருக்கை கிடையாது. ஏ.பி. சேலம் என்ற எர்ணாகுளம் வழக்கறிஞர் அதை எதிர்த்து ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்தார். ‘யூத காந்தி’ என்று அவருக்குப் பெயர். யார் உள்ளே, யார் வெளியே என்ற சண்டை அரசு வருமுன்னும் இருந்ததுதான். அரசு வந்த பிறகு அதற்கு ரப்பர் முத்திரை கிடைத்தது.

ஆலமரத்தடி:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பதிவிலும் ஒரு வீட்டு உள்விவகாரம்போல் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வீடு நின்ற நிலத்தில் வேறு குடும்பங்கள் இருந்தன.

பால்ஃபர் பிரகடனம் யூதரைத் தேசியம் உள்ள மக்களாகப் பேசியது. அன்று அந்த மண்ணில் பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபுகளை “யூதர் அல்லாத சமூகங்கள்” என்றது. அவர்களுக்குக் குடிமை உரிமையும் மத உரிமையும் உண்டு, அரசியல் உரிமை என்ற பேச்சே இல்லை. தேசம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அந்த ஒரு பக்கக் கடிதமே தீர்மானித்துவிட்டது. 1948 போரில் 7 லட்சம் பாலஸ்தீனர் ஊரை இழந்தார்கள். 1950-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. திரும்புதல் சட்டம், ப்ரூக்ளினில் பிறந்தவர் நாளைக்கே வந்து குடியேறலாம் என்றது. இல்லாதோர் சொத்துச் சட்டம், யாஃபாவை விட்டு ஓடியவரின் வீட்டை அரசுப் பாதுகாவலர் பெயருக்கு மாற்றியது. நாட்டுக்குள்ளேயே அடுத்த ஊருக்குப் போய் ஒதுங்கியவர்கள்கூட இல்லாதோர் கணக்கில் சேர்ந்தார்கள். உள்ளே தங்கிய அரபுக் குடிமக்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள்.

2018 ஜூலையில் தேசிய அரசுச் சட்டம் 62-க்கு 55 என்று நிறைவேறியது. இந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே என்று அதில் எழுதினார்கள். அதுவரை ஆட்சிமொழியாக இருந்த அரபி, “சிறப்பு நிலை” என்ற இடத்துக்கு இறங்கியது. சமத்துவம் என்ற பேச்சு அந்தச் சட்டத்தில் இல்லை. 1956 முதல் கட்டாய ராணுவ சேவை செய்யும் துரூஸ் மக்கள் டெல் அவீவ் ராபின் சதுக்கத்தில் திரண்டு, எங்களை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாட்டில் ஐந்தில் ஒருவர் அரபுக் குடிமகன். வடகரையான், “யார் யூதர்” என்பது உங்கள் இழையின் தலைப்பு. பிறப்பால் அந்தப் பட்டியலில் ஒருபோதும் சேர முடியாதவர் கண்ணிலிருந்தும் அதே கேள்வியைப் பாருங்கள்.

மட்டுறுத்துநர்: இதற்கு வந்த இரண்டு வசைப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள்.

வடகரையான்:

@ஆலமரத்தடி, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். மாண்டேகு 1917-லேயே பயந்தது இதைத்தான். யூதர்களுக்குள்ளும் இதைச் சொன்னவர்கள் உண்டு. எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் யூதா மாக்னஸ் ஒரு ரபி. மார்ட்டின் பூபர் போன்றவர்களோடு சேர்ந்து, இரு தேசத்தாருக்கும் பொதுவான ஒரே அரசு வேண்டும் என்று 1948 வரை கத்திக்கொண்டிருந்தார். இரு தரப்பிலும் கேட்க ஆள் குறைவு.

டொரண்டோ பனை:

என் இளவயதில் எங்கட ஈழத்து ஆட்கள் எல்லோரும் யூதரை முன்னுதாரணமாகக் காட்டித்தான் கதைப்பார்கள். அதே காலத்தில், 1984-ல், கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஓர் அலுவலகம் திறந்து, இலங்கைப் படைக்கு அவர்களின் பயிற்சி போய்க்கொண்டிருந்தது. அதைப் பெரிசாகக் கதைக்க ஒருவரும் விரும்பியதில்லை. சரி, என் கேள்வி அது இல்லை. இத்தனை குழப்பத்தையும் அரசியலமைப்பு ஒன்றை எழுதித் தீர்த்திருக்கலாமே? ஏன் எழுதவில்லை?

சட்டப்படி:

வழக்கறிஞன் என்ற முறையில் இதற்கு நான் வருகிறேன்.

எழுதுவதாகத்தான் வாக்குக் கொடுத்தார்கள். 1948 மே 14 வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று மாலை 4 மணிக்கு டெல் அவீவ் அருங்காட்சியகத்தில் கூடி வாசித்த பிரகடனத்தில், அக்டோபர் 1-க்குள் அரசியலமைப்பு என்று தேதியே இருக்கிறது. அந்தப் பிரகடனத்திலேயே முதல் முட்டுக்கட்டை. ரபி ஃபிஷ்மன் கடவுளின் பெயர் வேண்டும் என்றார். இடதுசாரியான ஆரோன் சிஸ்லிங், நம்பாத ஒன்றின் கீழ் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “இஸ்ரேலின் பாறை” என்று எழுதினார்கள். ஒருவர் அதைக் கடவுள் என்று வாசித்துக்கொள்ளலாம், இன்னொருவர் மக்களின் வலிமை என்று வாசித்துக்கொள்ளலாம். அந்த நாடு அன்றிலிருந்து இதே முறையில்தான் ஓடுகிறது.

1949-ல் தேர்தல் வந்தது. எங்கள் வேதமான தோராதான் அரசியலமைப்பு, மனிதன் எழுத என்ன இருக்கிறது என்றார்கள் மதக் கட்சியினர். பென் குரியனுக்கும் தன் கையைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை. 1950 ஜூனில், அடிப்படைச் சட்டங்களைத் தனித்தனி அத்தியாயமாக இயற்றுவோம் என்று ஒரு தீர்மானத்தில் ஒதுங்கினார்கள். “யூத, ஜனநாயக அரசு” என்ற சொற்றொடர் ஒரு அடிப்படைச் சட்டத்தில் ஏற 1992 ஆயிற்று.

கல்யாண விஷயம் இன்னும் பழையது. உஸ்மானியர் ஆட்சியில் ஒவ்வொரு மதத்தாருக்கும் அவரவர் நீதிமன்றம். பிரிட்டிஷார் அதை வைத்துக்கொண்டார்கள். 1947 ஜூன் 19-ல் பென் குரியன், ஐ.நா. குழுவின் முன் யூதர் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதற்காக, ஆசாரத்தாரின் அகுதாத் இஸ்ரேல் கட்சிக்குக் கடிதம் எழுதினார். சனிக்கிழமை பொது ஓய்வு, அரசுச் சமையலறைகளில் மத விதிப்படியான கோஷர் உணவு, குடும்பச் சட்டம் ரபிகள் கையில், பள்ளிகள் அவரவர் வழியில். அதில் கல்யாணம், விவாகரத்து பற்றிய பகுதி 1953-ல் சட்டமாயிற்று. நம் நாட்டிலும் தனிநபர் சட்டங்கள் உண்டு, ஆனால் வேண்டாதவர்களுக்கு 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இஸ்ரேலில் அப்படி ஒரு பொதுவழி இல்லை. சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள், திரும்பிவந்து பதிவு செய்கிறார்கள். 1963-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவை ஏற்கச் சொல்லிவிட்டது.

டேனியல் வழக்கில் மாறுபட்ட ஹாயிம் கோனை நினைவிருக்கிறதா? அவர் கோஹன் குலம், அதாவது ஆசாரிய வம்சம். விவாகரத்தான பெண்ணை அந்தக் குலத்தார் மணக்க மதச் சட்டம் விடாது. உச்ச நீதிமன்ற நீதிபதி, தன் நாட்டில் மணமுடிக்க முடியாமல் 1966-ல் நியூயார்க் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்.

கரிசல்:

நான் நேற்று அவசரப்படுத்தியதற்கு இப்போது பலன் கிடைக்கிறது, நன்றி. அந்தக் கறுப்புக் கோட்டு, தொப்பிக்காரர்கள் ராணுவத்தில் சேர மாட்டோம் என்று ரோட்டை மறிக்கிறார்களே, அவர்களும் சியோனிச எதிர்ப்பாளர்களா?

நூல்வேட்டை:

@கரிசல், ஹரேதிகளைக் கேட்கிறீர்கள். அவர்கள் ஒரே மாதிரி இல்லை. சட்மார், நெத்துரேய் கார்த்தா போன்றவர்கள் அரசின் பணத்தையும் தொட மாட்டார்கள், ஓட்டும் போட மாட்டார்கள். பெரும்பாலோர் நடுவழி: அரசுக்குப் புனிதம் எதுவும் இல்லை, ஆனால் தேர்தலில் நின்று பங்கு கேட்போம். பினே ப்ராக் ஊரின் பொனெவெஷ் தோராக் கல்லூரியில் வருஷத்துக்கு ஒருநாள், சுதந்திர தினத்தன்று, நீல வெள்ளைக் கொடி ஏறும். நிறுவனர் ரபி கஹனெமன் தொடங்கிவைத்த வழக்கம். மாணவர்களில் பலருக்கு அது பிடிக்காது, ஆனாலும் கொடி ஏறுகிறது.

1948-ல் பென் குரியன் 400 மாணவர்களுக்கு ராணுவ விலக்கு அளித்தார். ஐரோப்பாவில் எரிந்துபோன கல்விக்கூடங்களின் மிச்சம், இரக்கத்தில் செய்தது. 1952-ல் பினே ப்ராக்குக்கே போய், ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட பெரிய ரபியைப் பார்த்து, நாம் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று கேட்டார். சுமையேற்றிய ஒட்டகமும் வெறும் ஒட்டகமும் குறுகிய பாதையில் எதிர்ப்பட்டால் வெறும் ஒட்டகம்தான் வழிவிட வேண்டும் என்ற தல்மூத் வழக்கை ரபி சுட்டினார். சுமை தங்களிடம், வழிவிட வேண்டியது நீங்கள் என்று அர்த்தம். எங்கள் தோளில் சுமையே இல்லையா, குடியேற்றம், எல்லைக் காவல் எல்லாம் சுமை இல்லையா என்று பென் குரியன் கேட்டதாகச் சொல்வார்கள். 1977-ல் பெகின் ஆட்சி அந்த 400 போன்ற உச்சவரம்பையே எடுத்துவிட்டது. இன்று விலக்குப் பெறும் வயதில் இருப்போர் பல்லாயிரம். 2024 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, விலக்குக்குச் சட்ட ஆதாரம் இல்லை, அழைக்கத்தான் வேண்டும் என்றார்கள். நீங்கள் பார்க்கும் சாலை மறியல் அதன் தொடர்ச்சி.

ஆசாரமும் வேண்டும், அரசும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று சொன்ன ஒருவரையும் சேர்க்க வேண்டும்: யெஷயாகு லைபோவிட்ஸ். தினம் தொழுத, சட்டம் பிசகாத யூதர். அரசு என்பது ஒரு கருவி, அதற்குப் புனிதம் ஏற்றுவது சிலை வழிபாடு என்றார். 1967 வெற்றியில் நாடே மிதந்தபோது, பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆளும் நாமும் கெட்டுப்போவோம் என்று எச்சரித்தார். மதத்தை அரசிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பிரிவினை கேட்டவர் அவர். இன்றைய குடியேற்றத் தலைவர்களைப் பார்க்கும்போது, மதத்தின் பக்கமிருந்து வந்த அந்த எச்சரிக்கைதான் எல்லாவற்றிலும் கூர்மையானதாக எனக்குப் படுகிறது.

மதுரைமல்லி:

கடைசியாக ஒன்று. யூதரோ அரபோ, எல்லாரும் “இஸ்ரேலியர்” என்று ஒரே தேசமாகப் பதிந்துகொள்ளலாமே? நம் பாஸ்போர்ட்டில் இந்தியன் என்று இருப்பதுபோல.

சட்டப்படி:

பாஸ்போர்ட்டில் குடியுரிமை என்ற இடத்தில் எல்லாருக்கும் இஸ்ரேலியர்தான். தகராறு உள்நாட்டு மக்கள்தொகைப் பதிவேட்டில். அங்கே ‘தேசம்’ என்று தனிக் கட்டம் உண்டு: யூதர், அரபு, துரூஸ் என்று போகும். ஜார்ஜ் டாமரின் என்ற விரிவுரையாளர் “யூதர்” என்பதை “இஸ்ரேலியர்” என்று மாற்றக் கேட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றம், யூத தேசத்திலிருந்து வேறான இஸ்ரேலிய தேசம் என்று ஒன்று இல்லை என்று தள்ளுபடி செய்தது. மொழியியலாளர் உஸ்ஸி ஓர்னனும் இன்னும் சிலரும், அவர்களில் அரபுகளும் உண்டு, மறுபடி வழக்குப் போட்டார்கள். 2013 அக்டோபரில் அதே விடை: அப்படி ஒரு தேசம் உருவாகிவிட்டதாக நிரூபணம் ஆகவில்லை.

அடையாள அட்டையில் மட்டும் அந்தக் கட்டத்தில் இப்போது நட்சத்திரக் குறிகள்தான் இருக்கின்றன. சமத்துவத்துக்காகச் செய்த மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், காரணம் வேறு. சீர்திருத்த ரபிகளிடம் மதம் மாறியவர்களையும் யூதர் என்று பதிய வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்துறை அப்போது ஷாஸ் என்ற ஹரேதிக் கட்சியின் கையில். அவர்களை யூதர் என்று அட்டையில் அச்சடிப்பதைவிட, அந்த வரியே யாருக்கும் வேண்டாம் என்று அமைச்சர் எடுத்துவிட்டார். பதிவேட்டில் கட்டம் அப்படியே இருக்கிறது.